நானே கீழே போட்ட ஐந்து பேனாக்கள்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. துபாய் கராமாவில் ஒரு தென்னிந்திய ஓட்டலின் மாடி. கீழே பொங்கல், வடைக்குக் கூட்டம் அலைமோதும். மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறன்று நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். எல்லோருக்கும் ஒரே பைத்தியம். மைப் பேனா.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரி. பதினான்கு வருடமாகத் துபாயில் இருக்கிறேன். கட்டடங்களின் மின்சார வேலைகளைப் பரிசோதிக்கும் வேலை. ஒருமுறை மாலில் உள்ள ஒரு கடையில் ஜப்பான் பேனா ஒன்றை எடுத்துச் சும்மா ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது. பிறகு மை வந்தது. மழைக்கு முந்தைய வானம், மூங்கில் காடு, பழுத்த பேரிக்காய் என்று ஜப்பான்காரர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயருக்காகவே வாங்குவேன். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய ஜப்பான் காகிதம், படம் வரையத் தூரிகைப் பேனா என்று வாங்கி வாங்கி, கணவருடைய சட்டைகள் இருக்க வேண்டிய அலமாரித் தட்டில் முப்பத்தொரு பேனாவும் அறுபது மை பாட்டிலும் குடியேறிவிட்டன. அவற்றில் ஏழு, தங்க நிப் உள்ளவை.

எங்கள் கூட்டத்தில் எனக்குக் கொஞ்சம் தலைமை வாத்தியார் குணம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒரு சட்டம் சொல்வேன்: "மூடி போடாத பேனாவை டேபிள்ல வைக்கக் கூடாது." உருண்டு விழுந்தால் நிப் போய்விடும். அதற்காகத்தான்.

அந்த ஞாயிறு புதிதாக வந்தவர் ஒரு டாக்ஸி டிரைவர். லாகூர் பக்கம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் ஆள் ஒருவரை ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டபோது அவர் கையிலிருந்த பேனாப் பையைப் பார்த்து, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றிருக்கிறார். அவரையும் மாடிக்கு அழைத்து வந்துவிட்டார்கள். யூனிஃபார்மோடு வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். நாங்கள் ஆளுக்கு ஐந்து, பத்து என்று பேனாக்களைப் பரப்பியிருந்தோம். அவர் பையில் ஒன்றே ஒன்று. கறுப்பு நிறம். தங்க நிப். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

அவர் இரண்டு வருடம் தினமும் காலையில் ஒரு ஜப்பானிய இன்ஜினியரை ஆபீஸில் கொண்டுபோய் விட்டாராம். அந்த மனிதர் ஊருக்குப் போகும்போது தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பேனா அது. லீவில் லாகூர் போனபோது, அங்கே ஒரு பேனாக் கடையில் உருது எழுத்துக்கு ஏற்றபடி நுனியைச் சாய்வாகத் தேய்த்து வாங்கிக்கொண்டாராம்.

"எழுதிக் காட்டுங்களேன்" என்றோம். எழுதினார். வலமிருந்து இடமாக ஒரே வரி. மேலே போகும் கோடு முடி மாதிரி மெலிந்தது. வளைந்து இறங்கும் இடத்தில் தடித்தது. புள்ளிகள் எல்லாம் குட்டிக் குட்டி டைமண்ட். எல்லோரும் அந்தத் தாள் மேல் குனிந்துவிட்டோம். பிறகு தன் போனைக் காட்டினார். தினமும் டியூட்டி முடிந்ததும் ஒரு பக்கம் எழுதி, படம் எடுத்து, ஊரில் பத்தாவது படிக்கும் மகளுக்கு அனுப்புவாராம். அவள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதித் திருப்பி அனுப்புவாள். இரண்டு வருடப் பக்கங்கள் அந்தப் போனில் இருந்தன.

"மத்த பசங்களுக்கு அப்பா வீட்ல இருந்து சொல்லிக் குடுப்பாரு. நான் இப்படிச் சொல்லிக் குடுக்கறேன்" என்று சிரித்தார். எங்கள் பேச்சு எல்லாம் இந்தியில்தான். என் இந்தி ஆபீஸ் இந்தி.

நான் அந்தப் பேனாவை வாங்கி எழுதிப் பார்த்தேன். என் தமிழுக்கு அது கரகரவென்று கீறியது. "நுனியைச் சரியாத் தேய்க்கலை போலிருக்கு. என்கிட்ட லென்ஸ் இருக்கு, பார்த்துடலாம்" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல. லென்ஸை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். அதற்காக அந்தப் பேனாவை, மூடி போடாமல், மேசையில் வைத்தேன்.

உருண்டது. கையை நீட்டுவதற்குள் விழுந்துவிட்டது. டைல்ஸ் தரை. நிப் நேராகத் தரையில் குத்திய அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவர்தான் குனிந்து எடுத்தார். நிப்பின் நுனி பிளந்திருக்கும் இரண்டு கால்களில் ஒன்று மேல்நோக்கி மடங்கி, கிளி மூக்கைத் திருப்பி வைத்தது போல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். மூடியைப் போட்டார். "கோயி பாத் நஹி, பெஹன்ஜி" என்றார். பரவாயில்லை சகோதரி. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நான் என் பேனாப் பையை அவர் முன்னால் அப்படியே விரித்தேன். "இதுல எது வேணும்னாலும் எடுத்துக்குங்க." அவர் தொடவில்லை. "அதெல்லாம் உங்க கைக்குப் பழகினது. நான் என்ன பண்றது அதை வெச்சு?" என்று எழுந்தார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

படியில் பாதி இறங்கியவரை ஓடிப்போய் நிறுத்தினேன். "அந்தப் பேனாவை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. சரி பண்ணித் தர்றேன்." அவர் தயங்கினார். அந்தத் தயக்கம் நியாயம்தானே? சற்று முன் உடைத்த கைதானே கேட்கிறது? கடைசியில் கைக்குட்டையோடு கொடுத்தார். கூடவே போன் நம்பரும்.

சரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு ஒன்றும் தெரியாது. வாங்கத் தெரியும், மை நிரப்பத் தெரியும், கழுவத் தெரியும். அவ்வளவுதான். முதலில் பேனாக் கடையில் கேட்டேன். பிறகு ஜப்பானுக்கே மின்னஞ்சல் போட்டேன். மிகப் பணிவாகப் பதில் வந்தது. அந்த மாடல் இப்போது தயாரிப்பதில்லை, அதே அளவில் புது நிப் போட்டுத் தரலாம், ஆனால் வேறொருவர் தேய்த்த நுனியைப் போல் செய்துதர இயலாது. அதே அளவு நிப் என்னிடமே ஒரு பேனாவில் இருந்தது. அதைக் கழற்றி மாட்டுவதென்றால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் டிரைவருடைய எழுத்து அந்தச் சாய்ந்த நுனியில்தான் இருந்தது. லாகூரில் தேய்த்துக் கொடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார் என்று அவர்தான் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆக, இந்த நிப்பையே நிமிர்த்த வேண்டும். வேறு வழி கிடையாது.

தேரா பக்கம் நகைத் தொழில் சாமான் விற்கும் சந்துகளில் தேடி, கோயம்புத்தூர்க்காரப் பொற்கொல்லர் ஒருவரைப் பிடித்தேன். கண்ணில் லென்ஸை மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நிமித்தறது பெருசில்லீங்க அக்கா. நுனியில கடுகுக்கும் சின்னதா ஒரு மணி ஒட்டியிருக்கு பாருங்க, அதுதான் எழுதறது. நாங்க நெருப்பு வெச்சுப் பழகின ஆளுங்க. சூடு காட்டுனா அது தெறிச்சுப் போயிருமுங்க."

"நானே செய்யலாமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செய்யலாமுங்க. ஆனா தங்கம் ஒருக்கா வளைஞ்சு குடுக்கும், ரெண்டாந்தரம் வளைஞ்சு குடுக்கும். மூணாந்தரம் ஒடிஞ்சுரும். இது ஏற்கெனவே ஒருக்கா வளைஞ்சாச்சு. மொதல்ல வேற எதுலயாச்சும் பழகிக்கிட்டு இதைத் தொடுங்க."

பித்தளைத் தகடு, முனை மழுங்கிய பித்தளைக் கம்பி, நிப்பைத் தாங்கிப் பிடிக்க ஒரு உருண்டை மரக்குச்சி, கண்ணில் மாட்டும் லென்ஸ் எல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார்.

விலை குறைந்த இரும்பு நிப்களில் ஒரு மாதம் பழகினேன். பயனில்லை. இரும்பு முரண்டு பிடிக்கும், வில் போலத் துள்ளித் திரும்பும். தங்கத்தின் குணம் வேறு என்று படித்திருந்தேன். தங்கத்தில் பழக வேண்டுமென்றால் வளைந்த தங்க நிப் வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கணவரும் மகளும் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அலமாரியைத் திறந்து, ஏழு தங்க நிப் பேனாக்களையும் சமையலறை மேடையில் வரிசையாக வைத்தேன். ஒன்றை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, நிப் கீழே பார்க்கும்படி பிடித்து, விட்டேன்.

சத்தம் கேட்டுக் கணவர் எட்டிப் பார்த்தார். "விழுந்துருச்சா?"

"இல்லங்க. போட்டேன்."

அது பக்கவாட்டில் விழுந்து நிப் தப்பித்திருந்தது. மறுபடி தூக்கிப் போட்டேன். இந்த முறை சரியாகக் குத்தியது.

"ஏய், கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? கண்ணாடி மாதிரி வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தே!"

மகள் வந்து தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தேன். பல நாளுக்குப் பிறகு, என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது.

அந்த முதல் நிப் என் அவசரத்தில் போயிற்று. ஒரே அழுத்தாக அழுத்தினேன். நடுக்கோட்டில் விரிசல் விட்டது. இரண்டாவதையும் போட்டேன். அதை நிமிர்த்தியும் விட்டேன். ஆனால் நுனி மணி போய்விட்டது. சமையலறை டைல்ஸில் டார்ச் அடித்து அந்த மணியைத் தேடினேன். கிடைத்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. மூன்றாவதற்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்தே நிமிடம். மடிந்த இடத்தை மரக்குச்சியில் சாய்த்து, பித்தளைக் கம்பியால் தடவித் தடவி, லென்ஸில் பார்த்து, நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் ஒரு தடவு தடவினால் போயிற்று. எனக்குக் கஷ்டமே அந்த நிறுத்துவதுதான். மூன்றாவது எழுதியது, ஆனால் விட்டு விட்டு எழுதியது. நான்காவது எழுதியது. அன்றைக்கு ஒரு பக்கம் முழுக்க என் பெயரையே எழுதிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் மாதம் ஒருமுறை டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போடுவேன். "இன்னும் ஆகலை, வேலை நடக்குது." கட்டை விரல் படம் ஒன்று பதிலாக வரும். ஒருமுறை மட்டும் குரல் செய்தி அனுப்பினார். "அவசரமில்லை பெஹன்ஜி. பால்பாயிண்ட் பேனாவுல எழுதி அனுப்பறேன். மக சொல்றா, அப்பா, உன் எழுத்து எல்லாம் ஒரே கனமா இருக்கு, எங்க மெலிசாக்கணும், எங்க தடிக்கணும்னு தெரியலைன்னு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று சைட்டில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நான்காவது நிப் எழுதிவிட்டதே, இனி அவருடையதைத் தொடலாம் என்று தோன்றியது. ஆனால் அவருடைய பேனாவும் அந்த நான்கும் வேறு வேறு கம்பெனி. நிப்பின் கனம், வளைவு எல்லாம் வேறு. அதே கம்பெனி, அதே அளவு நிப் உள்ள பேனா என்னிடம் ஒன்றுதான் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அது கறுப்பு அரக்குப் பூச்சில் பொன்தூள் தூவி, கொக்கு ஒன்று பறப்பது போல் கையால் வரைந்த பேனா. என் நாற்பதாவது பிறந்த நாளுக்குக் கணவர் ஜப்பானிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. அதில் நான் மை நிரப்பியது மொத்தமே மூன்று முறைதான்.

இதை மட்டும் கணவரைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் கொக்குப் பேனாவைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதைச் செய்யாம அவரோடதத் தொட்டா?"

"கெட்டுப்போனாலும் போகலாம். தெரியலங்க."

"அப்பப் போடு. கீழ ஒரு பெட்ஷீட்டு விரி. பேனாவுல கீறல் விழுந்துறாம."

நிப்பை மட்டும் குத்த வைக்க ஒரு டைல்ஸ் அளவுக்கு இடம் விட்டு, சுற்றிலும் அவரே பெட்ஷீட்டை மடித்து வைத்தார். நான் போட்டேன். சத்தம் கேட்டபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைச் சரி செய்ய மூன்று வாரம். பழையபடி எழுதியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் ஒரு சின்ன நெளிவு தெரியும். அடுத்த சனிக்கிழமை காலை, போனை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையை அவிழ்த்தேன்.

மூன்று மணி நேரம். அந்தக் கால் மயிரிழை மயிரிழையாகக் கீழே இறங்கியது. பித்தளைத் தகட்டை இரண்டு கால்களுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் போய் வந்தது. மை நிரப்பி எழுதினேன். கீறியது. கரகரவென்று, காகிதத்தைப் பிறாண்டுவது போல.

தோற்றுவிட்டேனா? பக்கத்திலேயே நுனியைத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாள் இருந்தது. நான்கு சுற்றுத் தேய்த்தால் வழவழவென்று எழுதும். எடுத்துவிட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது. விழுவதற்கு முன்னாலும் இது எனக்குக் கீறியது. வலமிருந்து இடமாகப் போகும் கைக்காக வெட்டிய நுனி, இடமிருந்து வலமாகப் போகும் என் கைக்குக் கீறத்தான் செய்யும். அன்றைக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. எனக்குத்தான் தெரியவில்லை. தெரியாமலே லென்ஸ் எடுக்கப் போனதால்தான் இத்தனையும்.

உப்புத்தாளைக் கீழே வைத்தேன். சரியாகிவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. அவர் எழுதினால்தான் தெரியும். "வந்து பாக்கறீங்களா?" என்று செய்தி போட்டேன். ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் வெயில்.

கராமா பார்க் பக்கம் டாக்ஸியை நிறுத்தினார். வெளியே நிற்க முடியாத சூடு. ஏசி ஓடும் காருக்குள் உட்கார்ந்து, டயரியை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார். நான் பின் சீட்டில், அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் எழுத்தில் மை வரவில்லை. அவர் நிப்பை லேசாகக் காகிதத்தில் தொட்டு, மறுபடி இழுத்தார். வந்தது. ஒரு வரி. இரண்டாவது வரி. கீறல் சத்தமே இல்லை. புள்ளி வைத்தார். டைமண்ட்.

பக்கம் முழுவதும் எழுதி முடித்தார். பிறகு பக்கத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "முன்ன மாதிரி இல்லை" என்றார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "மேல போற கோடு இன்னும் கொஞ்சம் மெலிசா வருது. இதுக்குக் கை பழகணும். பழகிக்கறேன்." படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்.

"யார் சரி பண்ணினது?"

"நான்தான்."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

சொன்னேன். ஐந்து பேனாக்களையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது, மறைப்பானேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அஞ்சு பேனாவா! ஒண்ணுக்காக அஞ்சை உடைப்பாங்களா யாராவது? நான்தான் அன்னிக்கே மன்னிச்சிட்டேனே!"

"நீங்க மன்னிச்சிட்டீங்க. ஆனா பேனா உடைஞ்சுதானே கிடந்துச்சு?"

என் இந்தியில் அதை எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் பாவம்" என்றார். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிடாமல் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். மூன்று தெருதான்.

அவர் இப்போது வேறு எமிரேட்டில் ஓட்டுகிறார். கூட்டத்துக்கு எப்போதாவது வருவார். எங்கள் கூட்டத்தில் யாருக்காவது நிப் வளைந்தால் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். எடுத்தவுடன் லென்ஸை மாட்டுவதில்லை. "எந்த மொழியில எழுதுவீங்க, எப்படிப் பிடிப்பீங்க, எழுதிக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். அலமாரியில் கணவருடைய சட்டைகளுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது.

சைட்டிலோ வீட்டிலோ நான் ஏதாவது தவறு செய்து, எதிராளி பெருந்தன்மையாக 'பரவாயில்லை' என்று சொல்லும்போது, முன்பெல்லாம் அப்பாடா என்று மூச்சு விட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டால்தான், என் வேலை இனிமேல்தான் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் புரிகிறது.